மோட்டார்ஹோம் வாங்கத் துணிந்த ஐந்து குடும்பங்களுக்கு



ஆளுக்கு 12,000 பவுண் போட்டு, ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு மோட்டார்ஹோம் வாங்குவது என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டதாகப் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். முடிவெடுத்த பிறகு ஆலோசனை கேட்பதுதானே எங்கள் ஆட்களின் வழக்கம். அதன்படி, ஏற்கெனவே ஒரு வான் வைத்திருக்கிற என்னிடம் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறீர்கள்: எந்தக் கொம்பனி நல்லது, டீசல் எவ்வளவு குடிக்கும், எல்லாமாக எவ்வளவு முடியும்? ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குச் சொல்லாமல் விட்டிருப்பேன். நாளைக்கு அதையே வைத்து நீங்கள் ஐந்து பேரும் அடிபடுவீர்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து, சங்கத்து மலரில் போட்டாலும் பாதகமில்லை என்ற விதமாக, இந்த ஒரு மடல்.

விடுதிக் காசு மிச்சம் என்ற எண்ணத்தை முதலில் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். 60,000 பவுணுக்கு இரண்டு மூன்று வயதான, நாலு பேர் படுத்தெழும்பக்கூடிய வான் ஒன்று கிடைக்கும். அதை ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் செலவு நிற்காது. லண்டன் முகவரிக்குக் காப்புறுதி 650 பவுண் என்று வையுங்கள். வீதிவரி 350ஐ ஒட்டி வரும். வீட்டு வாசலில் இடமில்லாதவர்களும், இடமிருந்தும் ‘இங்கே கரவன் நிறுத்தக்கூடாது’ என்று வீட்டுப் பத்திரத்தில் ஒரு வரி இருப்பவர்களும் காவலுள்ள தரிப்பிடத்துக்கு வருடம் 750 அளவில் அழவேண்டும். மூன்று வயது தாண்டியதும் எம்ஓடிப் பரிசோதனை, அது வண்டிக்கு. உள்ளே இருக்கிற வீட்டுப் பகுதிக்கு வருடா வருடம் வேறொரு பரிசோதனை உண்டு. காஸ் கசிகிறதா, மின்சாரம் ஒழுங்கா, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று ஒருவர் கருவியோடு வந்து பார்ப்பார்; அதற்கு 250. எஞ்சின் சேர்விஸும் எம்ஓடியும் 400. வழியில் நின்றுவிட்டால் தூக்கிப்போக ஒரு சந்தா 150. ரயருக்கும் பற்றரிக்கும் வருடம் 250 எடுத்து வையுங்கள். மோட்டார்ஹோம் ரயர் ஓடித் தேய்வது குறைவு. நின்ற இடத்திலேயே கிழடாகிப் பக்கவாட்டில் வெடிப்பு விடும். பூ அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் ரயர் செய்த வருடத்தைப் பார்த்து மாற்றவேண்டும்.

கூட்டிப் பாருங்கள், 2,800 வருகிறது. வண்டியின் விலை வருடம் 3,500 இறங்கும் என்று நான் போடுகிறேன். உங்கள் கணக்கில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆக 6,300. இந்தத் தொகையை மைலால் பிரிக்காதீர்கள், இரவால் பிரியுங்கள். வருடத்தில் 20 இரவு அதில் படுத்தால் ஓர் இரவுக்கு 315 பவுண். அந்தக் காசுக்கு ஸ்கொட்லாந்தில் ஏரியைப் பார்த்த அறையும் காலைச் சாப்பாடும் தந்து, துவாயும் மடித்து வைப்பார்கள். 90 இரவு படுத்தால் 70 பவுண். டீசலும் தங்குமிடக் கட்டணமும் இதற்குள் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்கவேண்டியது ‘எவ்வளவு காசு இருக்கிறது’ என்று அல்ல. எத்தனை சனி ஞாயிறு உங்கள் கையில் இருக்கிறது?

நீங்களே நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு மிருதங்கமோ பரதமோ, பின்னேரம் யாருக்காவது பிறந்தநாள். சாமத்தியவீடு, கலியாணம், அரங்கேற்றம், அந்தியேட்டி, ஆட்டத்திவசம் என்று ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை அழைப்பிதழ் குசினி மேசையில் குவியும். மோட்டார்ஹோம் ஓடக்கூடிய காலமும் அதே ஏப்ரலிலிருந்து செப்டெம்பர்தான். ஓகஸ்டில் ஈலிங் அம்மன் தேர். அதை விட்டுவிட்டு வேல்ஸுக்குப் போனேன் என்று மாமிக்குச் சொல்ல உங்களில் யாருக்குத் துணிவு இருக்கிறது? எங்கள் வான் தெருவில் நிற்கிற நாட்களை எண்ணினால், மழையால் நின்றதும் பழுதால் நின்றதும் கொஞ்சம். மண்டபத்தில் புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்ததால் நின்றதுதான் மிச்சம் முழுவதும்.

ஐந்தாகப் பிரித்தால் செலவு ஐந்தில் ஒன்றாகும் என்பது உங்கள் நியாயம். செலவு பிரியும், ஓகஸ்ட் பிரியாது. ஐந்து வீட்டிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாருக்கும் வேண்டியது அதே ஆறு கிழமை. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்தாலும் முதற்கிழமை கிடைத்தவர் சந்தோஷப்படுவார், பெப்ரவரி கிடைத்தவர் சங்கத்தை விட்டே விலகுவார். இன்னொன்று: வண்டிப் பத்திரத்தில் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயர்தான் இருக்கும். வேகக் கமராவில் பிடித்த கடிதம் அவர் வீட்டுக்குத்தான் வரும். காப்புறுதிக்காரர் பத்துச் சாரதிகளின் வயதையும் பழைய விபத்தையும் கேட்பார்; ஒருவரின் விபத்தில் மற்ற ஒன்பது பேரின் தவணையும் ஏறும். பின்பக்கத்தில் விழுந்த கீறல் யாருடையது என்ற வழக்கு வரும்போது நான் நடுவராக வரமாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, இதையெல்லாம் கேட்டும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இனி வண்டியைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் லைசன்ஸை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். 1997 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் இங்கே கார்ப் பரீட்சை எடுத்தவர்களுக்கு ‘சி1’ என்ற எழுத்து இருக்கும். அவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம். அதன்பிறகு எடுத்தவர்களுக்கு 3,500 கிலோதான். எண்பதுகளின் கடைசியில் வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டே பரீட்சை எடுத்த அண்ணைமாரே, நீங்கள் பாக்கியசாலிகள். ஆனால் 70 வயதானதும் அந்த எழுத்துத் தானாகப் போய்விடும். வைத்திருக்க விரும்பினால் மருத்துவப் படிவம் நிரப்பவேண்டும். பிந்தி வந்தவர்கள் 3,500ஐத் தாண்டக்கூடாது.

அந்த 3,500க்குள் என்னென்ன அடக்கம் என்பதில்தான் விற்கிறவர்கள் மெல்லப் பேசுவார்கள். வண்டியின் ஓடுநிலை எடை என்று ஒன்று தாளில் இருக்கும். அதில் 75 கிலோ சாரதி ஒருவரும் டீசலும் சேர்த்தி. அது 3,100 என்றால் உங்களுக்கு மிச்சம் 400 கிலோ. மனைவி, இரண்டு வளர்ந்த பிள்ளைகள் என்று ஏறினதும் 200 போய்விடும். தண்ணீர்த் தாங்கி 100 லீற்றர் என்றால் 100 கிலோ. பின்னால் சைக்கிள் தாங்கியும் சைக்கிளும், பக்கத்தில் விரிகிற கூடாரம், நாலு மடிப்புக் கதிரை. அதற்குமேல் எங்கள் வீட்டு அம்மாமார் இருக்கிறார்கள். பத்துக் கிலோ அரிசிப் பை, பிரஷர் குக்கர், இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, திருவலை, ‘வழியில தேங்காய் கிடையாது’ என்று ஆறு தேங்காய். ஒரு தரம் எல்லாவற்றையும் ஏற்றி, எல்லாரையும் இருத்தி, பொது எடைத்தட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள். தாளைக் கையில் வாங்கும்போது தேங்காயில் இரண்டை இறக்குவது யார் என்ற பேச்சு அங்கேயே தொடங்கும். எடை கூடினால் தண்டம் கட்டுவது ஒரு பக்கம். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் தேடுவது அந்த எடையைத்தான்.

படுக்கை எத்தனை என்று எல்லாரும் கேட்கிறீர்கள், பெல்ற் எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலு பேர் படுக்கலாம், ஓடும்போது இரண்டு பேர்தான் பெல்ற் போட்டு இருக்கலாம் என்ற வான்கள் நிறைய உண்டு. சாரதிக்கு மேலே கூரையில் கட்டில் வைத்தது விலை குறைவு, பிள்ளைகளுக்குச் சொர்க்கம். ஆனால் ஐம்பது தாண்டின முழங்காலோடு இரவு இரண்டு மணிக்கு அந்த ஏணியில் இறங்கிப் பாருங்கள்.

லண்டன்காரருக்கு இன்னுமொரு பொறி. 2023 ஓகஸ்ட் 29இலிருந்து யூலெஸ் என்ற குறைபுகை வலயம் லண்டனின் எல்லாப் பகுதிக்கும் வந்துவிட்டது. டீசல் வண்டி யூரோ 6 தரத்தில் இல்லையென்றால் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. வெள்ளி போய் ஞாயிறு வந்தால் இரண்டு தரம் கட்டவேண்டும். லெஸ்டரில் பத்து வருடப் பழைய வான் மலிவாகக் கிடைக்கிறது என்று குதிக்கிற தம்பிமார், அது ஏன் மலிவு என்று ஒரு தரம் யோசியுங்கள். அப்படித் தரமில்லாதது மூன்றரை தொன்னுக்கு மேற்பட்டதென்றால் லண்டனுக்குள் கட்டணம் இன்னும் பயங்கரம்.

பழையதைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் அது ஃபியட் டுக்காட்டோ. எந்தக் கராஜ்காரனும் திருத்துவான். பார்க்கவேண்டியது சுவர். கூரையும் பக்கச்சுவரும் சந்திக்கும் மூலை, யன்னலின் கீழ் ஓரம், பின்பக்க விளக்குக்கு உட்புறம், குளியலறை ஒளியூடி, இந்த இடங்களில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். சுவர் திருப்பித் தள்ளவேண்டும். விரல் கொஞ்சம் உள்ளே போனால், அல்லது சுவர்த்தாள் மெல்லச் சுருங்கி அலையடித்திருந்தால், உள்ளே மரச்சட்டம் நனைந்து பலகை உக்கத் தொடங்கிவிட்டது. அலுமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். பழைய பாய் நனைந்த மணம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு, தேநீருக்கு நன்றி சொல்லி வெளியே வாருங்கள். ஈரமானியை வைத்து நூற்றுக்கு 20ஐத் தாண்டினால் நான் விலை பேசவே மாட்டேன். பூச்சிட்ட இணைப்பின் இடுக்கால் ஒரு துளி இறங்குவதற்குப் பெரிய புயல் வேண்டாம். இந்த நாட்டின் சாதாரண நவம்பர் போதும். பின்னர் அதைத் திருத்துவதென்றால் சுவரை உரித்துத்தான் ஆகவேண்டும். கட்டணச்சீட்டில் ஆயிரங்கள் ஓடும்.

குளிர்காலமும் அப்படித்தான். தண்ணீரை முழுவதும் வடிக்காமல் விட்டால் குழாய் உறைந்து வெடிக்கும். கொதிகலனில் ஒரு காவல் வால்வு இருக்கும். வெப்பநிலை 3 பாகைக்கு இறங்கினதும் அது தன் பாட்டுக்குத் திறந்து கொதிகலன் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிடும். காலையில் வண்டிக்குக் கீழே ஈரத்தைப் பார்த்து ‘உடைஞ்சு போச்சு’ என்று யாரும் அழவேண்டாம். அது தன் வேலையைச் செய்திருக்கிறது. காஸிலும் கவனம் வேண்டும். நீலச் சிலிண்டர் பியூட்டேன். உறைநிலையை நெருங்கினால் அடுப்புக்கு வராது. குளிரில் போவதென்றால் சிவப்புச் சிலிண்டர் புரொப்பேன்.

சமையலுக்கு வருவோம், உங்களில் பாதிப்பேர் இதற்காகவே வாங்குகிறீர்கள் என்பது தெரியும். கரவன் மைதானத்தில் நீலச் செருகியைப் போட்டால் வீட்டு மின்சாரம் மாதிரி வரும் என்று நினைக்காதீர்கள். 10 அம்பியர் என்றால் 2,300 வாற்றுத்தான். வீட்டுக் கேத்தல் ஒன்றே 3,000 கேட்கும். சோறு அவிக்கும் குக்கர் 700. அதோடு சேர்த்து யாராவது வெப்பவிசிறியைப் போட்டார்களோ, வண்டி முழுக்க இருட்டு. பிறகு மழையில் குடையோடு போய் மின்கம்பத்துப் பெட்டியில் சுவிட்சைத் தேடவேண்டும். ஆகவே சோறு மின்சாரத்தில், கறி காஸில், கேத்தல் ஆயிரம் வாற்றுச் சின்னக் கேத்தல். குளிர்சாதனப்பெட்டி நிறுத்தியபின் காஸிலும் ஓடும். ஆனால் அந்த வகைப் பெட்டிக்கு வண்டி மட்டமாக நிற்கவேண்டும்; சரிவில் நின்றால் குளிர் பிடிக்காது. சக்கரத்துக்கடியில் ஆப்புக்கட்டை வைத்து, தண்ணீர் மட்டம் பார்த்து, முன்னே ஒரு அடி, பின்னே அரை அடி என்று நீங்கள் நகர்த்த, மனைவி வெளியே நின்று கைகாட்ட, பக்கத்து வண்டியில் வெள்ளைக்காரத் தாத்தா தேநீரோடு அதை வேடிக்கை பார்ப்பார். அவருக்கு அன்றைய நாடகம் அது.

உள்ளே மீன் பொரிக்காதீர்கள். இது ஆலோசனை அல்ல, மன்றாட்டம். மெத்தை உறையும் கூரைத் துணியும் மணத்தைப் பிடித்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு விடாது. விற்கும்போது வாங்க வந்தவர் படியில் கால் வைத்ததுமே முகம் சுளிப்பார். தாளிப்பதும் பொரிப்பதும் வெளியே, கூடாரத்தின் கீழ், ஒற்றை அடுப்பில். மழையில் நின்று வெங்காயம் வதக்குவதில் உள்ள சுகத்தை நான் எழுதிக் காட்டமுடியாது.

இனிக் கழிப்பறை. ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் யோசிக்கிறீர்கள். வண்டியின் வெளிப்புறத்தில் சின்னக் கதவைத் திறந்தால் ஒரு பெட்டி இழுபடும். கிட்டத்தட்ட 20 லீற்றர் பிடிக்கும், நிறைந்தால் 20 கிலோ கனம். மூக்கை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அதை மைதானத்தின் கழிவுத்தொட்டிக்குக் கொண்டுபோய், குழலை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி ஊற்றவேண்டும். அப்போது பெட்டியில் ஒரு காற்றுப் பொத்தான் இருக்கும்; ஊற்றுகிற நேரம் முழுவதும் பெருவிரலால் அதை அமத்திப் பிடியுங்கள். அமத்தாவிட்டால் பெட்டி ‘களக் களக்’ என்று விக்கி உங்கள் சப்பாத்தில் துப்பும். இரண்டு தரம் கழுவி, நீல மருந்து ஊற்றி, திரும்பக் கொண்டுவந்து செருகவேண்டும். குடிதண்ணீர்க் குழாயில் கழுவினால் மைதானமே உங்களுக்கு எதிராக எழும்பும். குடும்பத்தில் இந்த வேலை யாருக்கு என்று முடிவாகும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். ஐந்து குடும்பத்துக்குப் பொதுவான வண்டியில் காலி செய்யாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் குடும்பம் எது என்று எனக்கு இப்போதே தெரியும். பெயர் சொல்லமாட்டேன்.

இவ்வளவு சொல்கிறவர் ஏன் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள்.

அம்மாவுக்காக என்று சொன்னால் பாதி உண்மை. அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது, சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், இன்சுலின் குளிரில் இருக்கவேண்டும், அடிக்கடி கழிப்பறை வேண்டும், வெளிச்சாப்பாடு வாயில் வைக்கமாட்டா. காரில் எங்காவது போகலாம் என்றால் ‘நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாக்கிறன்’ என்பா. இருபது வருடமாக இங்கிலாந்தில் அவ பார்த்தது ஹரோவும் ஈலிங்கும் ஆஸ்பத்திரியும்தான். வான் வந்தபிறகு குசினியும் கழிப்பறையும் கட்டிலும் கூடவே வருகிறபடியால் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

நோதம்பர்லாந்துக் கரையில் ஹோலி ஐலன்ட் என்று ஒரு தீவு. கடல் வற்றும்போதுதான் அதற்கு றோட்டு. நாளுக்கு இரண்டு தரம் கடல் வந்து றோட்டை மூடிவிடும், நேர அட்டவணை எழுதிப் போட்டிருப்பார்கள். கரையில் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, அம்மா படியில் கதிரை போட்டு இருந்தா. கையில் புட்டும் கட்டைச் சம்பலும். தண்ணீர் இரண்டு பக்கத்தாலும் மெல்ல ஏறி வந்து, றோட்டின் வெள்ளைக் கோட்டை நக்கி, பிறகு கோட்டையே காணாமல் பண்ணியது. அம்மா வேலணைப் பக்கத்து ஆள். ‘எங்கட பண்ணைப் பாலத்தைக் கடல் மூடினதெண்டு நான் கேள்விப்பட்டதேயில்லை. இவங்கள் நாளுக்கு ரெண்டு தரம் மூடவிட்டுட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்’ என்றா. பிறகு நாலு மணிவரை, கடல் திரும்ப இறங்கும்வரை, அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. காரில் போயிருந்தால் பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம்.

மற்றப் பாதி எனக்கு. விடுதியில் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும் என்ற அவசரம் இல்லை. இந்த நாட்டில் இரண்டு பழைய கழகங்கள் இருக்கின்றன, ஒன்று 1901இலும் மற்றது 1907இலும் தொடங்கியவை. அங்கத்தவரானால் விவசாயிகளின் வயலோரச் சின்ன மைதானங்களில் நிற்கலாம். ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் அங்கே விடமாட்டார்கள். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவுத்தொட்டி, சில இடத்தில் மின்சாரம், மதிலில் காசு போட ஒரு தகரப்பெட்டி. இரவுக்கு 15இலிருந்து 25 பவுண். பெரிய மைதானங்களில் கோடையில் 40க்கும் மேல் கேட்பார்கள், அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் உண்டு, எனக்கு நித்திரை இல்லை. வயலோர இடங்களில் ஆடு வந்து சக்கரத்தில் முதுகு தேய்க்கும். கூரையில் மழை பெய்கிற சத்தம் இந்த நாட்டு ஓட்டு வீட்டில் கேட்காது. வானில் கேட்கும், தகரக் கொட்டிலில் படுத்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும்.

இந்த ஆசை புதிதுமில்லை. 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்துக் கடற்படை மருத்துவர் பிரிஸ்டலில் ஒரு கரவன் கட்டுவித்து, ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்து, இரண்டு குதிரை பூட்டி இங்கிலாந்தின் தெற்கிலிருந்து இன்வர்னெஸ் வரை போனார். சும்மா சுற்றிப் பார்ப்பதற்கென்று கட்டிய முதல் கரவன் அதுதான் என்பார்கள். வண்டியில் நாய், கிளி. ஓட்ட ஒரு சாரதி. முன்னால் முச்சக்கர மிதிவண்டியில் ஒரு வேலைக்காரர். எதிரே வருகிறவர்களுக்கு ‘பெரிய வண்டி வருகுது, விலத்துங்கோ’ என்று சொல்வது அவர் வேலை. செலவைப் பார்த்துத் தொடங்கின விளையாட்டு இல்லை இது.

அதே இன்வர்னெஸில் தொடங்கி அங்கேயே முடியும் வட கரையோரச் சுற்றுப்பாதைக்கு, 2015இல் ‘நோர்த் கோஸ்ட் 500’ என்று பெயர் சூட்டிய அந்த 516 மைலுக்கு, போகவேண்டும் என்று நீங்கள் எல்லாரும் நிற்கிறீர்கள். போங்கள். லண்டனிலிருந்து போய், சுற்றி, வர 2,700 கிலோமீற்றர் அளவில் வரும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்தால் 270 லீற்றர் டீசல். ஆனால் முதற்பயணமாக அதை வைக்காதீர்கள். பல இடத்தில் ஒற்றைப் பாதை. எதிரே வருகிறவருக்கு ஒதுங்க இடையிடையே விட்ட இடத்தில் நின்று காத்திருக்கவேண்டும், அதில் வண்டியை நிறுத்திப் படமெடுத்தால் ஊரவர்கள் ஏசுவார்கள், ஏசவும் வேண்டும். அப்பிள்குரொஸுக்குப் போகும் மலைக்கணவாய் 626 மீற்றர் உயரம். பெரிய வண்டிகள் வரவேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை நிற்கிறது. அந்தப் பலகை உங்களுக்குத்தான். ஸ்கொட்லாந்தில் எங்கேயும் படுக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூடாரத்தோடு நடந்து போகிறவனுக்கு உரிமை கொடுத்தது. எஞ்சின் பூட்டிய வண்டிக்கு இல்லை.

இனி என் யோசனை. 60,000ஐ வங்கியிலேயே விடுங்கள். வரும் கோடையில் ஹாம் காமாட்சி அம்மன் தேருக்கு நாங்கள் வானில் போகிறோம். 2002இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோவில், ஜேர்மனியில் ஒரு தொழிற்பேட்டை ஓரத்தில், கால்வாய்க் கரையில் நிற்கிறது. கலேயிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீற்றர். பாரிசிலும் சூரிச்சிலும் சிதறிக் கிடக்கிற எங்கள் வகுப்புக்காரர் பாதிப்பேரை அங்கே காணலாம். நீங்கள் இரண்டு குடும்பத்துக்கு ஒன்றாக வாடகைக்கு வண்டி எடுத்து வாருங்கள். பருவகாலத்தில் கிழமைக்கு ஆயிரம் பவுணைத் தொடும், கூடவும் போகும். குடும்பத்துக்கு ஐந்நூறு போட்டு, உங்களுக்குள் யார் யாரோடு ஒரு கிழமை ஒரே கழிப்பறையைப் பாவிக்கமுடியும் என்று அறிந்துகொள்வது மலிவு. திரும்பி வந்தபிறகும் வேண்டும் என்று நிற்கிற குடும்பம் தனியாக வாங்கட்டும். ஓய்வு எடுத்தவர்கள், அல்லது எடுக்கப்போகிறவர்கள், செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பி ‘இண்டைக்கு வெளிக்கிடுவமா’ என்று கேட்கக்கூடியவர்கள், அவர்கள்தான் வாங்கவேண்டியவர்கள். மற்றவர்கள் எங்களுடைய வண்டியைக் கேளுங்கள்; தரமாட்டேன், ஆனால் கூட்டிக்கொண்டு போவேன்.

வாடகைக்கு எடுப்பவர்கள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி விஇ103 என்ற பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கலேயில் தயிரும் நெய்யும் இறைச்சியும் பறிப்பார்கள், அக்காமார் வழக்கம்போல் ஒளித்து வைக்கவேண்டாம். நெய் ஜேர்மனியில் வாங்கலாம். வண்டியின் உயரத்தை ஒரு கடதாசியில் மீற்றரிலும் அடியிலும் எழுதிச் சாரதி கண்ணுக்கு முன்னால் ஒட்டுங்கள், சூப்பர்மார்க்கெட் வாசல் தடைக்கம்பிகள் பல 2.1 மீற்றர்தான். சாவி வாங்கும்போது வெளிப்புறத்துச் சின்னக் கதவைத் திறந்து, அந்தப் பெட்டி காலியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திகதி முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள். ஒரே கப்பலில் இடம் பதிவோம்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து உங்கள் கூட்டாளி